விலக்கப்பட்ட குன்றும் வாய்மூடிய கல்லும்

தைப்பூச நன்னாளில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி தூக்கிப் புறப்படும் நம்மவர், வெயிலையும் வலியையும் பொருட்படுத்தாது நடந்து, டாங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயிலை அடைகின்றனர். நகரத்தார் 1859இல் எழுப்பிய அக்கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பசுமரங்கள் செறிந்த குன்று ஒன்று நிற்கின்றது. குன்றுதோறும் குமரனைக் காணும் குலத்தில் பிறந்தவர்கள் நாம். ஆயினும் அந்தக் குன்றின்மேல் ஏறி அங்கே என்ன இருக்கிறதென்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஆண்டுதோறும் அதன் அடிவாரத்தில் ஆயிரக்கணக்கில் கூடிப் பின் ஆயிரக்கணக்கிலேயே கலைந்துவிடுகிறோம்.

மலாய் மக்கள் அதனை புக்கிட் லாராங்கான் என்றனர். விலக்கப்பட்ட குன்று என்பது பொருள். ஆங்கிலேயர் வந்தபின் அது அரசாங்கக் குன்றாயிற்று. 1859க்கும் 1861க்கும் இடையில் கோட்டை கட்டப்பட்ட பின்னர், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது இந்தியாவை ஆண்ட கானிங் பிரபுவின் பெயரால் கானிங் கோட்டை எனப்பட்டது. உயரம் ஏறக்குறைய 48 மீட்டர்தான். கேமரன் மலையைக் கண்ட தோட்டத்து அன்பர்கள் இதனைக் குன்றென்று சொல்லவும் கூசலாம். ஆனால் சரித்திரம் மலைகளின் உயரத்தை அளந்து பார்த்துத் தங்குவதில்லை.

அயர்லாந்து தேசத்தில் காஷல் என்றொரு பாறைக்குன்று உண்டு. சமவெளியின் நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் அது முன்ஸ்டர் நாட்டு மன்னர்களின் இருப்பிடமாயிருந்தது. 1101இல் அவ்வரசருள் ஒருவர் அதனைத் திருச்சபைக்குத் தானஞ் செய்தார். 1134இல் நிறைவெய்திய சிறு கற்கோயில் ஒன்றும், பின்னர் எழுந்த பெருங்கோயிலும், உயர்ந்த வட்டக்கோபுரமும் இன்றும் அங்கே நிற்கின்றன. 1647இல் ஆங்கிலப் பாராளுமன்றப் படை அக்குன்றில் புகுந்து அடைக்கலம் புகுந்தோரை வெட்டி வீழ்த்தியது. இன்று கூரையற்ற சுவர்களுக்கிடையே காற்று வீசுகிறது. சுற்றிலும் கல்லறைகளும், கைகளை ஒரு கல்வளையம் இணைக்கும் கெல்டியச் சிலுவைகளும் உள்ளன. அச்சிலுவைகளின் படத்தைக் காணும்போதெல்லாம் நமக்கு நம் நாட்டு நடுகல் நினைவுக்கு வருகின்றது. ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு ஊரார் நாட்டிய கல் அது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் வெளிப்பட்டமையை வாசகர்கள் அறிந்திருக்கலாம். இறந்தவன் பெயரைக் கல்லில் எழுதி வைக்கும் ஆவல் எந்த ஒரு சாதியாருக்கும் தனிச்சொத்தன்று. எவன் பெயர் கல்லில் ஏறியது, எவன் பெயர் ஏறவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதனை இந்தச் சிங்கைக் குன்றின்மேல் நின்று கேட்போம்.

முதலில் மன்னர்களின் கதை. செஜாரா மெலாயு எனப்படும் மலாய் அரசர் வரலாறு, ஸ்ரீ விஜய மரபில் வந்த சாங் நீல உத்தமன் தெமாசெக் தீவில் இறங்கி, சிங்கம் என்று பிறர் சொன்ன ஒரு விலங்கைக் கண்டு, சிங்கபுரம் என்று பெயரிட்டு நகர் அமைத்ததாகக் கூறுகின்றது. அவனுக்கு முன்னோனாக அந்நூல் காட்டுபவன் இந்திய மன்னன் ஒருவன்: இராசா சூரன் என்றும் சூலன் என்றும் பலவாறு எழுதப்படுபவன். சீனத்தை வெல்லப் புறப்பட்ட இவன் தெமாசெக்கில் பாளையமிறங்கினானாம். அஞ்சிய சீனர், பல் விழுந்த கிழவர்களையும், காய்த்துக் குலுங்கும் மரங்களையும், துருப்பிடித்த ஊசிகளையும் ஒரு மரக்கலத்தில் ஏற்றி அனுப்பினர். "நாங்கள் புறப்பட்டபோது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், இம்மரங்கள் விதைகள், இவ்வூசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகள்" என்று கிழவர் சொல்ல, சீனம் அவ்வளவு தொலைவா என்று திகைத்த மன்னன் திரும்பிவிட்டானாம். சிரிப்புக்கு இடமான நல்ல கதை. நம்மவர் சிலர் இதனை இராசேந்திர சோழனின் சரித்திரமாகவே எடுத்து மேடைகளில் முழங்குகின்றனர். அவர்கள் முழக்கத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

1819இல் ஆங்கிலக் கொடி இங்கே ஏறியபோது குன்று காடாய்க் கிடந்தது. பழைய அரசர்களின் அரண்மனை அங்கே இருந்ததென்றும், அரண்மனைப் பெண்டிர் நீராடிய ஊற்று அங்கே உண்டென்றும், மேலே ஏறினால் பேரிகை முழக்கமும் கூட்டத்தின் ஆரவாரமும் கேட்குமென்றும் சொல்லி மக்கள் ஏற அஞ்சினர். பார்க்குவார் துரை நகைத்து, மலாக்காவிலிருந்து வந்தவர்களை ஏவிக் காட்டை வெட்டி, பீரங்கியொன்றை மேலே இழுத்துச் சென்று சுட்டார். பேய் எதுவும் எழுந்து வரவில்லை.

இவற்றை எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. தமிழும் அரபும் கலந்த குடியில் மலாக்காவில் பிறந்து, 1854இல் மறைந்த இப்பெரியார், தற்கால மலாய் உரைநடையின் தந்தை எனப் போற்றப்படுபவர். இளமையில் தம்மைத் தமிழ் படிக்கத் தந்தையார் அனுப்பியதையும், கணக்கு வழக்குக்குத் தமிழ் கற்பது அந்நாளில் மலாக்காச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வழக்கமாயிருந்ததையும் அவர் தம் சரிதையில் குறிக்கின்றார். வாணிபக் கணக்குக்காகப் பிறரும் நம் மொழியைக் கற்ற காலம் ஒன்றிருந்தது! பேரிகை முழக்கத்தை அவர் நம்பினாரோ இல்லையோ, கேட்டதைக் கேட்டபடி எழுதினார். அச்சத்தைப் பழிப்பது நம் சீர்திருத்தத் தொண்டின் பகுதியே. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்வோம். நானூறு ஆண்டுகளாக அக்குன்றை யாரும் உழாமலும் இடிக்காமலும் காத்து வைத்தது அந்த அச்சந்தான். அறிவு படைத்தவர் வந்து செய்தது என்னவென்று பார்ப்போம்.

1822 பிப்ரவரியில், சீயத்துக்குத் தூது செல்லும் வழியில், ஜான் கிராபர்ட் என்பார் குன்றேறிக் கண்டவற்றை நுணுக்கமாக எழுதினார். உச்சியருகே நாற்பதடிச் சதுரத்தில் ஒரு மேடை. அதில் துளையிட்ட பெருங்கற்கள் பதினான்கு, தூண்களின் அடிக்கற்களாதல் கூடும். இஸ்கந்தர் ஷா மன்னரின் சமாதியென்று மக்கள் சொன்ன மற்றொரு மேடை. செங்கல் அடித்தளங்கள், காட்டிடையே காட்டாகிவிட்ட பழமரங்கள், சீனப் பாண்டத் துண்டுகள், பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுச் சீன மன்னர்களின் செப்புக்காசுகள். குன்றிலிருந்து கடல்வரை ஓடை ஓரமாக ஒரு மண்சுவர். அடியில் பதினாறடி அகலம், எட்டொன்பதடி உயரம். இவ்வளவும் அன்று கண்ணுக்குத் தெரிந்தன. அதன்பின் குன்றின்மேல் இராபிள்ஸின் வீடு எழுந்தது. கோட்டைக்காக உச்சி தட்டையாக்கப்பட்டது. மண்சுவர் இருந்த இடந்தெரியாமற் போயிற்று. கோட்டையும் பயனற்றதென்று 1907இல் இடிக்கப்பட்டு, வாயில் மட்டும் மிஞ்சியது. 1928இல் நீர்த்தேக்கத்துக்கு மண் வெட்டியவர் கையில் பொன் அணிகள் அகப்பட்டன. காலமுகம் பொறித்த அத்தோள்வளை பதினான்காம் நூற்றாண்டுச் சாவகப் பாணி என்பர். 1984இல் ஜான் மிக்சிக் என்னும் பேராசிரியர் முறையாக அகழ்ந்தபோது, அதே நூற்றாண்டைச் சேர்ந்த சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் வெளிவந்தன. ஆக, 1349இல் தெமாசெக்கைப் பற்றி எழுதிய சீன வணிகர் வாங் தாயுவானின் சொல்லும், மலாய்க் கதையும், மண்ணும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பேரிகை முழக்கம் பொய், அரண்மனை மெய்.

நிற்க. குன்றுக்குக் கீழே, சிங்கை ஆற்றின் முகத்தில் நின்ற கல்லைப் பற்றிச் சொல்லாமல் இக்கதை நிறைவுறாது. ஏறக்குறைய பத்தடி உயரமுள்ள அப்பாறை, பிளந்த முகத்தில் ஐம்பது வரி அளவு எழுத்துச் சுமந்து நின்றது. 1819இல் காடு வெட்டியபோது அது வெளிப்பட்டது. அப்துல்லா சொல்லும் காட்சி நாடகத்திலும் வராது. மாவைப் பிசைந்து அச்செடுத்தவர் சிலர். கரியைப் பூசிப் பார்த்தவர் சிலர். இந்தியர், இது இந்து எழுத்து என்றனர். ஆனால் படிக்க இயலவில்லை. சீனர், இது சீன எழுத்து என்றனர். அப்துல்லாவின் கண்ணுக்கு அரபு எழுத்துப்போலத் தோன்றியது. அவராலும் படிக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் கல்லில் தம் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினர்.

1843இல் ஆற்றுமுகத்துக் கட்டட வேலைக்கு இடம் வேண்டி, பொறியாளர் ஒருவர் வெடி வைத்து அக்கல்லைத் தகர்த்தார். அப்துல்லா மனம் நொந்து எழுதினார். ஆக்க அறியாதவர் அழித்துவிட்டார் என்பது அவர் வருத்தம். ஜேம்ஸ் லோ என்பார் சில துண்டுகளைத் தேடியெடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று திரும்பி வந்து சிங்கை தேசிய அருங்காட்சியகத்தின் உடைமையாய் இருக்கின்றது. முழங்கால் உயரத்தை எட்டும் அத்துண்டை இன்றுவரை எவரும் ஐயந்திரிபறப் படித்தாரில்லை.

கல்லைப் பற்றி மலாய் வரலாற்றில் ஓர் அழகிய கதையும் உண்டு. சிங்கபுரத்து மல்லன் பாடாங், கலிங்கத்து மல்லனோடு வலிமை காட்டியபோது பெரும்பாறையொன்றைத் தூக்கி ஆற்றுமுகத்தில் எறிந்தானாம். அப்பாடாங் இறந்த செய்தி கேட்ட கலிங்க மன்னன், அவன் சமாதிக்குக் கற்றூண்கள் அனுப்பினானாம். தன் மல்லனைத் தோற்கடித்தவனுக்கு நடுகல் அனுப்பும் மன்னன்! கதையே ஆகுக, இம்மாதிரிக் கதையைக் கட்டியவர் நெஞ்சு பெரிது.

இனி நம்மவர் முழக்கத்துக்கு வருவோம். 2019இல் ஓர் ஆராய்ச்சியாளர், அக்கல்லின் பழைய படியில் 'கேசரிவ' என்ற எழுத்துத் தொடர் தெரிகிறதென்றும், அது பரகேசரிவர்மன் என்னும் சோழர் பட்டத்தின் பகுதியாகலாம் என்றும் கருத்துரைத்தார். 'ஆகலாம்' என்றது ஆராய்ச்சி. 'ஆயிற்று' என்றது நம் மேடை. கேசரி என்றால் சிங்கம். சிங்கபுரத்துக் கல்லில் சிங்கம் என்ற சொல் இருந்தால் அது சோழனாகத்தான் இருக்கவேண்டுமோ? பிற அறிஞர் அதனைப் பழஞ்சாவக மொழி என்றும் வடமொழி என்றும் கருதியுள்ளனர். 1025இல் இராசேந்திரன் படை கடாரம் முதலிய ஊர்களைத் தாக்கியதைத் தஞ்சைக் கல்வெட்டு பெயர் பெயராகச் சொல்கிறது. தெமாசெக் என்றோ சிங்கபுரம் என்றோ அதில் ஓர் ஊர் இல்லை. குன்றின் அரண்மனையோ பதினான்காம் நூற்றாண்டினது; சோழப் பேரரசு 1279லேயே முடிந்துபோயிற்று.

இவ்வளவு கூறுவது தமிழர் பெருமையைக் குறைக்கவா? அன்று. சுமத்திராவின் மேலைக்கரையில் பாருஸ் அருகே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது; ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினது அது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அங்கே சிவன் கோயில் இருந்தது. இவ்விரண்டு கடற்கரைகளுக்கும் இடையே கலஞ்செலுத்திய தமிழ் வணிகர் இந்நீரிணையின் அலைகளை அறியாதவராயிருக்க முடியாது. இது சான்றுள்ள பெருமை. வாள் பிடித்தவனைத் தேடும் ஆர்வத்தில் தராசு பிடித்தவனை ஏன் மறக்கிறோம்? காரணம் நாம் அறியாததன்று. 'நீங்கள் கூலிகளாக வந்தவர்கள்தாமே' என்று பிறர் சொல்லும்போது நமக்கு நாக்கூசுகிறது. உடனே சோழனின் புலிக்கொடியை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். கூலியாக வந்ததில் வெட்கம் என்ன இருக்கிறதென்று திருப்பிக் கேட்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

குன்றின் சரிவில் ஒரு புல்வெளி இருக்கிறது. 1822 முதல் 1865 வரை கிறித்தவர்களை அடக்கஞ் செய்த இடம். அறுநூறு பேருக்கு மேல் அங்கே புதைக்கப்பட்டனர். மூன்றில் ஒரு பங்கினர் சீனக் கிறித்தவர். 1846இல் எழுந்த கூர்வளைவு வாயில்கள் இரண்டும் இன்றும் நிற்கின்றன. கல்லறைகள் நீக்கப்பட்டுவிட்டன; பெயர்க்கற்கள் மட்டும் சுற்றுச்சுவரில் பதிக்கப்பட்டுள்ளன. கப்பல் தலைவர்கள், இளந்தாய்மார், ஆண்டு நிறையாத குழந்தைகள். அங்கே கல் பெற்றவர்களுள் ஒருவர் ஜார்ஜ் கோல்மன். அயர்லாந்தில் டிராகெடா நகரில் 1795இல் பிறந்தவர். அவ்வூருக்குச் சில கல் தொலைவில் மொனாஸ்டர்பாய்ஸ் என்னுமிடத்தில், வேதாகமக் காட்சிகள் செதுக்கிய, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கெல்டியச் சிலுவைகள் நிற்கின்றன. அந்த மண்ணில் பிறந்தவர் இக்குன்றின்மேல் இராபிள்ஸின் வீட்டுக்கு வரைபடம் எழுதினார்; குன்றின் அடியில் 1835இல் ஆர்மீனியர் கோயிலைக் கட்டினார்; 1844இல் இறந்து இக்குன்றிலேயே அடங்கினார். நல்ல கலைஞர், அவர் பெயரால் சிங்கையில் ஒரு தெருவும் உண்டு. அவர் பெருமையில் நமக்கு வழக்கில்லை.

ஆனால் 1833 முதல் கோல்மன் வகித்த பதவி, பொதுவேலைகளுக்கும் கைதிகளுக்கும் மேற்பார்வையாளர் என்பது. யார் அந்தக் கைதிகள்? 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து வந்திறங்கிய முதற்கூட்டம், சென்னை மாகாணத்தில் தண்டனை பெற்ற 80 பேர். தொடர்ந்து வங்காளத்தவர் வந்தனர். பின்னர் ஆண்டுதோறும் வந்தனர். சதுப்பைத் தூர்த்தவர், வடக்குப் பாலச் சாலையும் தெற்குப் பாலச் சாலையும் போட்டவர், கல் உடைத்தவர், செங்கல் அறுத்தவர் இவர்களே. 1873இல் எஞ்சியவரை அந்தமானுக்கு அனுப்பும்வரை இந்நகரம் இவர்கள் தோளில் ஏறி வளர்ந்தது. குன்றின் சுவரில் இவர்களுக்குக் கல் இல்லை. கிறித்தவர் இடுகாட்டில் இவர்களுக்கு இடமேது?

எழுத்தே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. ஆயுள் தண்டனை பெற்றவனின் குற்றத்தை அவன் நெற்றியிலேயே பச்சை குத்தும் வழக்கம் சென்னையிலும் வங்காளத்திலும் 1849வரை இருந்தது. எல்லாம் தலையெழுத்து என்று நம் பாட்டிமார் பெருமூச்சு விடுவார்களே, அந்தத் தலையெழுத்தை எழுதியவன் பிரமன் அல்லன். கம்பெனி அரசாங்கத்து ஊசிக்காரன். ஆற்றுமுகத்துக் கல்லை எவராலும் படிக்க முடியவில்லை. இந்த நெற்றிகளையோ தெருவில் போவோர் வருவோரெல்லாம் படித்தனர்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிகளாகிய நமக்கு இதில் தனியே உறுத்தும் ஒன்றுண்டு. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் குறியிடுவதே நம் தொழிலாக இருந்து வந்தது. அந்தப் புத்தகங்களில் நம் மக்கள் அனைவரும் இருந்தார்கள். கூலி கணக்காகும்வரை இருந்தார்கள். புத்தகம் செல்லரித்தபின்?

1942 பிப்ரவரி 15ஆம் நாள், இக்குன்றின் வயிற்றில் தோண்டிய நிலவறையில் கூடி, ஜப்பானியரிடம் சரணடைவதென்று பெர்சிவல் தளபதி முடிவு செய்தார். அதன்பின் மலாயாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டனர். திரும்பாதவர் எண்ணற்றோர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர்க்கற்கள் உண்டு; நம் தோட்டத்தார் பெயர் தாங்கிய கல் அங்கே இல்லை. 2023இல்தான் அவ்வூர்ப் பௌத்த விகாரை ஒன்றின் வளாகத்தில் அவர்களுக்கு ஒரு நடுகல் நிறுத்தப்பட்டது. சோழனுக்குச் சிலை கேட்கும் நேரத்தில் பாதியையேனும், இவர்களுடைய பெயர்களைத் தொகுக்கச் செலவிட்டோமானால் எத்தனையோ குடும்பங்களில் ஒரு பாட்டனின் பெயர் மீளும். அவ்வேலைக்குக் கல்வெட்டு அறிஞர் வேண்டியதில்லை. வீட்டு முதியவரிடம் உட்கார்ந்து கேட்கும் பொறுமை போதும்.

குன்றைக் காண விரும்புவோர் சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நடந்தே சேரலாம். இஸ்கந்தர் ஷாவின் பெயர் தாங்கிய கெராமாட் மரக்கூரையின் கீழ் இருக்கிறது. மன்னர் மலாக்காவில் மறைந்தவரென்றே சரித்திரம் கருதினாலும், வணங்க வருவோரின் அமைதியைக் குலைக்காமல் பார்த்து வருக. பிறகு புல்வெளிச் சுவரில் கோல்மன் கல்லைத் தேடிப் பார்த்து, ஆர்மீனியர் கோயில் வழியே இறங்கி, அவர் பெயர்த் தெருவிலேயே நடந்தால் அர்ச். அந்திரேயர் பேராலயம் வரும். 1856இல் தொடங்கி 1861க்குள் கைதிகள் கட்டிய கோயில் அது. சுவரின் பூச்சுக்கு அவர்கள் சென்னைச் சுண்ணக்காரை குழைத்தனர்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர். உலர்ந்தபின் பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகிட்டனர். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவருக்கு அந்தப் பக்குவம் புதிதன்று.